வினவப்பட வேண்டியவர் யார்?

ஏதேன் தோட்டத்தில் ஆண்டவர் ஆதாமிடம் கேட்டது மிக எளிய ஒரு கேள்வி. விலக்கப்பட்ட மரத்தின் கனியை நீ உண்டாயோ என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிந்திருக்கக்கூடிய விடையை ஆதாம் சொல்லவில்லை. தனக்குத் துணையாகத் தரப்பட்ட பெண்ணைச் சுட்டிக்காட்டினான். அவளைத் தந்தவர் என்ற வகையில் கடவுளையும் அக்குற்றத்திற் பங்காளியாக்கினான் (தொடக்கநூல் 3:12). மனிதகுலத்தின் முதற் பாவத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கின்றோம். அப்பாவத்துக்குப் பின் சொல்லப்பட்ட முதற் சாக்குப்போக்கைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. 'எல்லாம் பெண்ணால் வந்தது' என்ற அந்தச் சாக்குப்போக்கு ஏதேனோடு நின்றுவிடவில்லை. இன்றும் நம் வீட்டு முற்றங்களிலும், மரணவீடுகளிலும், ஏன், ஆலய வளவுகளிலும் கூட அது உலாவி வருகின்றது.

ஒரு பெண்பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்துவிட்டது என்ற செய்தி ஊருக்குள் வந்ததும் எழும் கேள்விகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள்? யாரோடு போனாள்? என்ன உடுத்திருந்தாள்? கைத்தொலைபேசியில் யாரோடு கதைத்தாள்? தாய் எங்கே போயிருந்தாள்? ஏன் கத்தவில்லை? இவ்வளவு நாளும் ஏன் வாய்திறக்கவில்லை? இத்தனையும் கேட்டு முடிந்த பின்னரும், தீங்கு செய்தவனைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழுந்திராது. அவன் யாருடைய மகன், எங்கே வேலை செய்கின்றான் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு விசாரணை முடிந்துவிடும்.

இவை வெறும் ஊர்ப்பேச்சாக மட்டும் இருந்தாலே கொடுமைதான். ஆனால் இவை சமயத்தின் உடையை அணிந்து வரும்போது கொடுமை இரட்டிப்பாகின்றது. 'அடக்கமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?', 'ஒழுங்காகச் செபிக்கின்ற வீடென்றால் கடவுள் காத்திருப்பாரே', 'முன்னோர் செய்த பாவம் பிள்ளையைப் பிடித்திருக்கின்றது' என்றெல்லாம் சொல்லப்படும்போது, அந்தப் பிள்ளை அதை அயலவரின் வார்த்தையாகக் கேட்பதில்லை. கடவுளின் தீர்ப்பாகவே கேட்கின்றாள். உடலுக்கு ஒருவன் செய்த தீங்கின் மேல், ஆன்மாவுக்கு நாம் ஒரு தீங்கைச் செய்துவிடுகின்றோம். ஆகவே, நமது விசுவாசம் இக்காரியத்தில் உண்மையில் என்ன சொல்கின்றது என்பதை நாம் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

விவிலியம் யாரை வினவுகின்றது?

தாவீது அரசரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். பத்சேபாவை, குளித்துக்கொண்டே அரசரை மயக்கியவளாகச் சித்திரிக்கும் மறையுரைகளும் ஓவியங்களும் ஏராளம். சாமுவேல் இரண்டாம் நூலின் 11ஆம் அதிகாரத்தை அமைதியாக வாசித்தால் அப்படியொரு செய்தி அங்கே இல்லை. போர்க்காலத்தில் படையோடு செல்லாமல் எருசலேமில் தங்கியவர் தாவீது. மாளிகையின் மேல்மாடியில் உலாவியவர் தாவீது. பார்த்தவர், விசாரித்தவர், ஆளனுப்பி அழைப்பித்தவர் எல்லாம் அவரே. அரசனின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கும்போது, கணவன் போர்முனையில் இருக்கும் ஒரு பெண்ணால் என்ன மறுமொழி சொல்லியிருக்க முடியும்? பின்னர் இறைவாக்கினர் நாத்தான் வந்தார். பத்சேபாவிடம் அவர் எதையும் கேட்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று அரசரின் முகத்துக்கு நேரே உரைத்தார். அந்த உவமையில் ஆட்டுக்குட்டியின் மேல் எக்குற்றமும் சுமத்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு அதிகாரங்கள் தாண்டி, அதே மாளிகையில் மற்றொரு கண்ணீர்க் கதை உண்டு. தாவீதின் மகள் தாமாருக்கு அவளுடைய ஒன்றுவிட்ட தாய் வயிற்றுச் சகோதரனாகிய அம்னோன் இழைத்த கொடுமை அது. அவள் இரவில் ஊர்சுற்றச் சென்றவளல்லள். தந்தையின் கட்டளைப்படி, நோயாளியாக நடித்த சகோதரனுக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சென்றவள். அரச கன்னியருக்குரிய நீண்ட அங்கியை உடுத்தியிருந்தவள். வேண்டாம் என்று வாய்திறந்து சொன்னவள்; நியாயம் எடுத்துரைத்தவள். நேரமும் இடமும் உடையும் நடத்தையும் எல்லாம் சரியாக இருந்தும் அவள் காக்கப்படவில்லை. ஏனெனில் தீமை அவளுடைய உடையிற் பிறந்ததல்ல. அம்னோனின் உள்ளத்திற் பிறந்தது. உடன்பிறந்த அப்சலோம் அவளிடம், அவன் உன் சகோதரன், ஆகவே பேசாமலிரு என்றான். தந்தை கேள்வியுற்றுச் சினந்தார். ஆனால் மகனைத் தண்டித்ததாக விவிலியம் கூறவில்லை. தாமார் தமையன் வீட்டில் வாழ்விழந்தவளாக ஒதுங்கினாள். மூடிவைத்த அந்த நெருப்பு இரண்டு ஆண்டுகளின் பின் அம்னோனின் கொலையாகவும், அதன் பின் உள்நாட்டுப் போராகவும் வெடித்தது. குடும்ப மானத்தைக் காப்பதாக எண்ணிக் காக்கப்படும் மௌனம், குடும்பத்தையே அழித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? இப்பகுதி நமது திருப்பலி வாசகங்களில் இடம்பெறுவதில்லை. ஆகவே, வீட்டில் விவிலியத்தைத் திறந்து வாசிக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

'ஏன் கத்தவில்லை?' என்று கேட்போருக்குத் தானியேல் நூலின் சூசன்னா வரலாறு மறுமொழி தருகின்றது. அவள் உரத்த குரலிற் கத்தினாள். ஆயினும் குற்றஞ்சாட்டியவர்கள் முதியோரும் நடுவர்களுமாக இருந்ததனால், சபை அவர்களையே நம்பி அவளுக்கு மரணதண்டனை விதித்தது. கடவுள் இளைஞனாகிய தானியேலை எழுப்பினார். அவர் செய்தது ஒரே ஒரு மாற்றந்தான். கேள்வியைப் பெண்ணிடமிருந்து எடுத்து, அந்த இரு முதியவர்களிடம் வைத்தார். இருவரையும் தனித்தனியே நிறுத்தி எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று வினவியபோது பொய் உடைந்தது. மற்றொன்றையும் மறக்கலாகாது. விசாரணைக்கு அழைக்கப்பட்ட நாளில் சூசன்னாவின் பெற்றோரும் பிள்ளைகளும் உறவினர் அனைவரும் அவளோடு வந்து நின்றார்கள். ஊரே அவளைக் கைவிட்டபோது வீடு அவளைக் கைவிடவில்லை.

இணைச்சட்ட நூலில் நகருக்குள் நடந்த குற்றத்தையும் வயல்வெளியில் நடந்த குற்றத்தையும் வேறுபடுத்தும் சட்டம் ஒன்று உண்டு (22:23-27). நகருக்குள் பெண் கூவியிருக்க வேண்டும் என்று அச்சட்டம் எதிர்பார்ப்பதைச் சிலர் இன்றும் எடுத்துக்காட்டுவர். அதே சட்டம் அடுத்த வரிகளிலேயே, வன்முறைக்கு உள்ளான பெண்ணிடம் குற்றம் எதுவும் இல்லை என்றும், அவளுடைய நிலை கொலையுண்டவனின் நிலையைப் போன்றது என்றும் தீர்ப்புக் கூறுகின்றது. கொலையுண்டவனிடம் நீ ஏன் அவ்வழியே போனாய் என்று எவரும் கேட்பதில்லையே! மேலும், பேரச்சத்தின் பிடியில் உடல் விறைத்து, குரல் எழாமற் போவது மனித இயல்பு என்பதை இன்றைய மருத்துவம் அறிந்திருக்கின்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்ட நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையும், காயங்கள் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் உடலில் இருந்தே ஆகவேண்டும் என்று கோருவதில்லை. நாட்டின் சட்டம் கேட்காத சான்றை விசுவாசிகளாகிய நாம் கேட்பது எவ்வகையில் நியாயமாகும்?

ஆண்டவரின் முன்னிலையில்

பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் கேட்டார்கள். இருவரும் அல்லர் என்பதே அவரது விடை (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் ஏனையோரை விடப் பெரும் பாவிகள் என்று நினைக்க வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார் (லூக்கா 13:4). துன்பத்தைக் கண்டவுடன் துன்பப்பட்டவரிடம் பாவத்தைத் தேடும் பழக்கத்தை ஆண்டவர் இவ்வாறு வெட்டியெறிகின்றார்.

இச்சையோடு நோக்குவதைப் பற்றி மலைப்பொழிவிலே அவர் பேசுகின்றார் (மத்தேயு 5:28-29). அங்கே அவருடைய கட்டளை நோக்கப்படும் பெண்ணுக்கு விடுக்கப்பட்டதன்று; நோக்குகின்றவனுக்கு விடுக்கப்பட்டது. தன் கண்ணுக்குத் தானே பொறுப்பு என்பதை, கண்ணைப் பிடுங்கி எறிவது என்ற கடுமையான உருவகத்தால் அவர் உணர்த்துகின்றார். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் பெண்களின் உடையைப் பற்றிய அறிவுரை ஒன்று உண்டு (2:9). பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை என்று அங்கே விலக்கப்படுபவை செல்வப் பகட்டின் அடையாளங்களாகும். அதனை வன்முறையாளனுக்கு மன்னிப்புச் சீட்டாக மாற்ற எவருக்கும் உரிமையில்லை.

விபசாரத்திற் பிடிபட்டவளாகக் கொண்டுவரப்பட்ட பெண்ணின் நிகழ்ச்சி (யோவான் 8:1-11) நாம் நன்கு அறிந்ததே. மோசேயின் சட்டப்படி ஆணும் பெண்ணும் இருவருமே தண்டனைக்குரியவர்கள் (லேவியர் 20:10). கொண்டுவரப்பட்டவளோ பெண் மட்டுமே. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988ஆம் ஆண்டில் பெண்களின் மாண்பு பற்றி எழுதிய திருமடலில் இந்த நிகழ்ச்சியைத் தியானித்து, பெண் தன் பாவத்தோடு தனித்து நிறுத்தப்படுவதையும், அதற்குப் பின்னால் ஒரு ஆண் மறைந்திருப்பதையும் சுட்டிக்காட்டினார். இயேசு அவளை விசாரணை செய்யவில்லை. கல்லேந்திய கைகளின் மனச்சாட்சியையே விசாரித்தார். அதன் பின்னரே, இனிப் பாவம் செய்யாதே என்று அவளுக்குச் சொன்னார். பாவம் செய்தவளிடமே ஆண்டவர் இவ்வளவு இரக்கமாக நடந்தார் என்றால், பாவமே செய்யாமற் பாதிக்கப்பட்டவளிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

திருச்சபை வரலாற்றில் இரு குரல்கள்

திருச்சபையின் வரலாற்றில் இக்காரியம் பற்றி இரு குரல்கள் கேட்டிருக்கின்றன என்பதை உண்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். கி.பி. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது கிறிஸ்தவப் பெண்கள் பலர், கன்னியர் உட்பட, வன்முறைக்கு உள்ளானார்கள். அவர்களைப் பழித்தோருக்கு மறுமொழியாகப் புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகர்' என்னும் நூலின் முதற் பகுதியில், கற்பு என்பது உள்ளத்தின் புண்ணியம், மனம் இணங்காதபோது பிறர் உடலுக்குச் செய்யும் கொடுமையால் அது அழிவதில்லை என்று நிலைநாட்டினார். கெடுக்கப்பட்டபின் தன்னுயிரை மாய்த்த உரோமைப் பெண் லுக்ரேசியாவை உலகம் புகழ்ந்தது. கிறிஸ்தவப் பெண்களோ பிறர் செய்த குற்றத்துக்காகத் தம்மைத் தண்டிக்க வேண்டியதில்லை என்று அவர் கற்பித்தார். எட்டு நூற்றாண்டுகளின் பின் புனித தோமஸ் அக்குவினாரும், புனித லூசியாவின் பெயரால் வழங்கிவரும் சொல்லை எடுத்துக்காட்டி, மனத்தின் சம்மதமின்றி உடல் மாசடைவதில்லை என்று எழுதினார். இது திருச்சபையின் உறுதியான போதனையாகும்.

ஆயினும் அதே நூலில் அகுஸ்தீனார், அப்பெண்களுக்குள் மறைந்த தற்பெருமை ஏதேனும் இருந்திருக்குமோ என்றும் வினவுகின்றார். அத்துணை பெரிய மறைவல்லுநரே பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தை ஆராயும் சோதனையிலிருந்து முற்றாகத் தப்பவில்லை என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! அவருக்கு முன் வாழ்ந்த தெர்த்துல்லியன் பெண்ணினத்தையே அலகையின் வாசல் என்று எழுதியிருந்தார். 591ஆம் ஆண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் தமது மறையுரையொன்றில், மகதலா மரியாளையும் லூக்கா நற்செய்தியின் பெயர் அறியாத பாவியான பெண்ணையும் ஒருவராக்கிவிட்டார். நற்செய்தியில் எங்கும் மகதலா மரியாள் விலைமாது என்று சொல்லப்படவில்லை. உயிர்த்த ஆண்டவரை முதலிற் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர், மேலைத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் திருந்திய விலைமாதாகவே நினைவுகூரப்பட்டார். 1969இன் வழிபாட்டு நாட்காட்டிச் சீர்திருத்தம் அந்தக் குழப்பத்தை நீக்கியது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஜூலை 22ஆம் திகதிக்குரிய அவரது நினைவுநாளைத் திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்.

அயர்லாந்தில் அதே மகதலா மரியாளின் பெயரால் சலவைக்கூடங்கள் இயங்கின. திருமணமாகாத தாய்மார், வறியவர், குடும்பம் ஒதுக்கியவர், வீட்டில் துர்ப்பிரயோகத்துக்கு உள்ளானவர் என்று பலவகைப் பெண்கள் அங்கே அடைக்கப்பட்டு ஊதியமின்றி வேலை வாங்கப்பட்டார்கள். துறவற சபைகளே அவற்றை நடத்தின. 1922 முதல் கடைசிக் கூடம் மூடப்பட்ட 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் அவற்றினுள் சென்றதாக 2013இல் வெளிவந்த அரச அறிக்கை கூறியது. அதே மாதம் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். குற்றம் இழைத்த ஆண்களுக்கென்று அவ்வாறான கூடம் எதுவும் இருந்ததில்லை. உலகின் பல பாகங்களில் குருக்களே தீங்கு செய்தவர்களாக இருந்தபோதும், பிள்ளைகளும் பெண்களும் நம்பப்படாமல், திருச்சபையின் நற்பெயரைக் கெடுத்தவர்களாகப் பழிக்கப்பட்டார்கள். 2021 டிசம்பர் 8ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்திய திருச்சபைச் சட்டம், சிறுவருக்கு எதிரான பாலியற் குற்றங்களை மனித உயிர், மாண்பு, சுதந்திரம் என்பவற்றுக்கு எதிரான குற்றங்களின் வரிசையிலே வைத்துள்ளது. அது குருத்துவ ஒழுங்கு மீறல் மட்டுமன்று, ஒரு மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதே இதன் பொருள்.

புனித மரிய கொரற்றியை எவ்வாறு எடுத்துரைக்கின்றோம்?

நம் பெண்பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்புகளில் முன்மாதிரியாகக் காட்டப்படுபவர் புனித மரிய கொரற்றி. 1902 ஜூலையில், 11 வயதில், தன்னைக் கெடுக்க முயன்ற அலெஸ்ஸாந்திரோ என்ற 20 வயது இளைஞனின் கத்திக்குத்துக்கு ஆளாகி, மறுநாள் வைத்தியசாலையில் அவனை மன்னித்து உயிர்விட்டார். 1950இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்து அந்நிகழ்வைக் கண்டார். இந்த வரலாற்றை 'மானத்தை இழப்பதை விட உயிரை இழப்பது மேல்' என்ற பாடமாக மட்டும் சுருக்கிச் சொல்லும்போது என்ன நடக்கின்றது? அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாமல் தீங்குக்கு உள்ளான ஒரு பிள்ளை இருக்கக்கூடும். 'நான் சாகவில்லையே, அப்படியானால் நான் பாவியா?' என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்வாள்.

இல்லை, மகளே! அந்தச் சிறுமியை அவன் வன்முறையால் மேற்கொண்டிருந்தாலும், அகுஸ்தீனாரும் அக்குவினாரும் கற்பித்தபடி, கடவுளின் முன்னிலையில் அவளுடைய தூய்மை ஒரு சிறிதும் குறைந்திருக்காது. அவளுடைய புனிதம், கொல்ல வந்தவனின் ஆன்மாவைக் குறித்தும் கவலைப்பட்ட அன்பிலும், அவனை மன்னித்த பெருந்தன்மையிலும் விளங்கியது. பாவம் முழுவதும் கத்தியை ஏந்தியவனுடையது. அவனும் நீண்டகாலச் சிறைவாசத்தில் மனந்திரும்பி, அக்குற்றத்தைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டான். அவள் மேல் அவன் பழிபோடவில்லை.

எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு

'அப்படியானால் பிள்ளைகளுக்கு அடக்கத்தையும் கவனத்தையும் கற்பிக்கக் கூடாதா?' என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருட்டிய பின் தனியே வரவேண்டாம் என்று மகளுக்குச் சொல்வது அன்பின் எச்சரிக்கையாகும். ஆனால் தீங்கு நேர்ந்த பின் அதே வார்த்தையை எடுத்து அவளுக்கு எதிராக வாசிப்பது தீர்ப்பாகிவிடுகின்றது. கதவைப் பூட்ட மறந்த வீட்டிற் திருடு போனால், வீட்டுக்காரரைக் கவனயீனர் என்று கூறலாம்; திருடர் என்று கூற முடியாது. மேலும், அடக்கம் என்னும் புண்ணியம் மகளுக்கு மட்டும் உரியதன்று. மகனுக்கு நாம் என்ன கற்பித்தோம்? தங்கையை மதிக்கின்றவன் மற்றொருவரின் தங்கையையும் மதிக்கின்றானா? வேண்டாம் என்ற சொல்லை ஒரு பெண் சொன்னால் அது வேண்டாம் என்றே பொருள்படும் என்பதை வீட்டில் தந்தை அவனுக்குச் சொல்லியிருக்கின்றாரா?

செயலாக நாம் ஏற்கக்கூடிய சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன். முதலாவதாக, பிள்ளையொன்று வந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, எந்தக் கேள்விக்கும் முன்னர், 'உன்னை நான் நம்புகின்றேன். இதில் உன்மேல் தவறில்லை' என்று சொல்வோம். இரண்டாவதாக, ஊர்மானம் கருதி மூடிமறைக்காமல், வைத்தியசாலையையும் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவையும் நாடுவோம். சிறுவருக்கான 1929, பெண்களுக்கான 1938 ஆகிய உதவித் தொலைபேசி இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம். செய்தவனுக்கே பிள்ளையைக் கட்டிவைத்து மானத்தைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தை அடியோடு விலக்குவோம். மூன்றாவதாக, குருக்களும் துறவியரும் மறைக்கல்வி ஆசிரியரும் பீடத்திலும் வகுப்பிலும் பாதிக்கப்பட்டவரின் காதால் நம் சொற்களைக் கேட்டுப் பார்ப்போம். தனக்கு இழைக்கப்பட்ட தீங்கையே தன் பாவமாக எண்ணி ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரும் பிள்ளைக்கு, இது உன் பாவமன்று என்று தெளிவாகச் சொல்வது குருவின் கடமை. அதை அரைகுறையாகச் சொன்னாற் போதாது. அவள் மனதிற் பதியும்படி சொல்ல வேண்டும்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் சூசன்னாவின் வரலாறு ஆண்டுதோறும் வாசிக்கப்படுகின்றது. பங்குத்தளங்களில் அதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. வருகின்ற ஆண்டில் குடும்பமாகச் சென்று கேளுங்கள். உங்கள் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். தானியேல் எழுந்து நின்ற வேளையில் அவரும் ஓர் இளைஞராகவே இருந்தார் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

ஆண்டவரே, காயப்பட்டவரை வினவும் எங்கள் நாவைக் கட்டும். காயப்படுத்தியவரை வினவும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.